இரண்டும் ஐந்தும்

அண்ணியை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் புலம்பப்போவதையெல்லாம் கேட்டுவிட்டு, நீயாகத் தேடிக்கொண்டதுதானே என்று யாரும் கேட்க வேண்டாம். ஆமாம், நானாகத் தேடிக்கொண்டதுதான்.

எங்களுக்கு ஐந்தாவதாக ஓர் ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒயின் கடையின் பின்னறையில் கூடுவோம். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டீல் மேசை, மூடினாலும் சொட்டுகிற ஒரு குழாய், துப்புவதற்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளர். கடையை நடத்துகிறவரை எல்லோரும் அக்கா என்போம். அப்புறம் ஒரு பல் டாக்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், நான். ஐந்தாவதாக இருந்த தையல்காரருக்கு வயிற்றுப்புண். அவர் விடைபெற்ற வாரம், லீவு நாளில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அண்ணியிடம், வாங்க, ஒரு நாள் பொழுது போகும் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாங்கள் கூடுவது எல்லா ஒயினுக்காகவும் இல்லை. எங்கள் பைத்தியம் ஒரே ஒரு திராட்சை. நெப்பியோலோ என்று பெயர். இத்தாலியின் வடக்கில் மலைச்சரிவுகளில் விளைவது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னை நிறுத்துவது கஷ்டம், அதனால் கொஞ்சமாகச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பார் இல்லையா, பத்திரிகை கொடுத்தால் போதாது, தனியாக வந்து கூப்பிட்டாயா, கார் அனுப்பினாயா, முன்வரிசையில் நாற்காலி போட்டாயா என்று கேட்கிறவர்? அவர்தான் இந்தத் திராட்சை. மற்ற கொடிகளுக்கு முன்னால் துளிர்த்துவிட்டு, பனி விழுந்தால் கருகிவிடுவேன் என்று பயமுறுத்தும். பழுப்பதில் கடைசி ஆள். எல்லோரும் அறுவடை முடித்துக் கைகழுவிய பிறகும் மூடுபனியில் தொங்கிக்கொண்டிருக்கும். சரிவில் வெயில் விழும் பக்கம்தான் வேண்டும். வேறு ஊர் மண்ணில் நட்டால் பெரும்பாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஒயினான பிறகாவது இறங்கி வருமா என்றால், வருஷக்கணக்கில் வாயைத் திறக்காது. பார்வைக்கு வெளிறிப்போய், தண்ணீர் கலந்த மாதிரி இருக்கும். ஏமாந்து ஒரு வாய் குடித்தால் துவர்ப்பு ஈறைப் பிடித்து உலுக்கும். ஆனால் அது வாயைத் திறக்கிற நாளில் நீங்கள் பக்கத்தில் இருந்துவிட்டால், அப்புறம் வேறு எந்த ஒயினும் வெறும் சாறுதான்.

நான் வேலை செய்வது பெயின்ட் கடையில், நிறம் கலக்கிற இடத்தில். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு காரைத் துண்டைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். அதற்கு மெஷின் இருக்கிறது. ஆனால் பதினைந்து வருஷ வெயிலில் வெளுத்த சுவர் என்றால் மெஷின் முழிக்கும், என்னைக் கூப்பிடுவார்கள். நான் பார்த்து, கறுப்பு இரண்டு சொட்டு, காவி ஒரு சொட்டு என்பேன், சரியாக இருக்கும். ஒயினிலும் அதே கதைதான். கோப்பையை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து விளிம்பைப் பார்ப்பேன். செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஓர் ஆரஞ்சு ஓரம் தெரிந்தால் அது நம்ம ஆள். குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். மூன்று வருஷம் அந்த மேசையில் நான்தான் கில்லி. டாக்டர்கூட எழுதுவதற்கு முன் என் தாளை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

அண்ணிக்கு டிரைகிளீனிங் கடையில் வேலை, கறை எடுக்கிற பிரிவு. ஒரு சட்டையை எடுத்து மூக்குக்கு நேராக ஒரு நொடி வைப்பார். டீயா, இரத்தமா, துருவா, மூன்று நாள் பழைய பழச்சாறா என்று தெரிந்துவிடும். அதற்கு ஏற்ற மருந்தை எடுப்பார். இது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் கூட்டிக்கொண்டு போனேன் பாருங்கள்.

முதல் நாள் அவருக்குக் கோப்பையைச் சுழற்றக்கூடத் தெரியவில்லை. டம்ளர் மாதிரி முழுக் கையால் பிடித்துக்கொண்டார். நான் பெரிய மனசு பண்ணி, காம்பைப் பிடிங்க அண்ணி என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் மூக்கை உள்ளே விட்டார். எல்லோரும் புதுசாக வந்தவரைப் பார்க்கிற மாதிரி சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது நனைஞ்ச கம்பளிக் கோட்டு. நாங்க ஸ்டீம்ல போடுறப்ப வருமே, அது. அடியில ரோஜா இருக்கு, ஆனா காஞ்சு போனது. அப்புறம் புதுசா ரோடு போடுறாங்கல்ல, அதுக்குப் பக்கத்துல மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற மாதிரி."

ரோஜாவும் தாரும். இந்தத் திராட்சையைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இருக்கிற இரண்டு வார்த்தைகள். அந்தத் தாரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கண்டுபிடித்தேனா, கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேனா என்பது இன்னும் சந்தேகம். அண்ணி பத்து நொடியில் எடுத்து மேசையில் வைத்துவிட்டார், ஏதோ சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் போட்ட மாதிரி. அக்கா தன்னுடைய நோட்டை இழுத்து, நனைந்த கம்பளிக் கோட்டு என்று எழுதிக்கொண்டார். மூன்று வருஷத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தைகூட அந்த நோட்டில் ஏறியதில்லை.

அன்றிலிருந்து என்னைப் பிடித்தது சனி.

அடுத்தடுத்த வாரங்களில் முதல் கோப்பை அண்ணிக்குப் போக ஆரம்பித்தது. அவர் எதையாவது முகர்ந்துவிட்டு, இது பீரோவுக்கு அடியில உருண்டு போன மிளகு என்பார், மெக்கானிக் விழுந்து விழுந்து சிரிப்பார், அப்புறம் தானும் முகர்ந்து பார்த்துவிட்டு, அட ஆமாம் என்பார். நான் நிறத்தைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மரியாதையாகத் தலையாட்டுவது எவ்வளவு கேவலமான விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் செய்த சில்லறை வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையில் நானாக முன்வந்து சமைத்தேன். வெங்காயத்தைக் கருக வறுத்து, புகை வெளியே போகாமல் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். அண்ணன் இருமிக்கொண்டே வந்து, என்னடா வீட்டைக் கொளுத்துறியா என்று கேட்டுவிட்டுப் போனான். அண்ணியின் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வாரம் உடம்பெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டு பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ருசி பார்க்கப் போகிற நாளில் சென்ட் அடிக்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் முதல் சட்டம். இரண்டு நிறுத்தம் கழித்து அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பொண்ணு பாக்கவா போறோம்? முன்னாடியே சொல்லியிருந்தா நானும் நல்ல புடவை கட்டியிருப்பேன்ல."

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடையில் அக்கா என்னைக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கே எதுவும் மணக்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அக்கா வருஷத்துக்கு ஒரு தடவை, அறுவடை சமயத்தில், அந்த மலைகளுக்குப் போவார். எட்டு நாள் தோட்டம் தோட்டமாக ஏறி, பீப்பாயிலிருந்து நேராக எடுத்துக் குடித்துப் பார்த்து, கடைக்கு வாங்கி வருவார். இதுவரை தனியாகத்தான் போனார். இந்த வருஷம் முட்டி வலி, சரிவில் ஏறி இறங்க முடியவில்லை, கூட ஒரு ஆள் வேண்டும் என்றார். செலவு கடையுடையது. டாக்டரால் எட்டு நாள் கிளினிக்கை மூட முடியாது. மெக்கானிக் இல்லாவிட்டால் இரண்டு ஆஸ்பத்திரிகளில் லிஃப்ட் நின்றுவிடும். மிச்சம் நானும் அண்ணியும்.

எனக்கு அது என்னவென்று எப்படிச் சொல்வது? அந்த மலைகளின் வரைபடம் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பரோலோ என்ற ஊரைச் சுற்றி எந்தச் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோட்டக்காரர்களோடு பேசுவதற்காக நாற்பது இத்தாலிய வார்த்தைகள் மனப்பாடம். அண்ணி அந்த வரைபடத்தை ஒரு நாள் துணி வைக்கும்போது பார்த்துவிட்டு, இது என்ன தம்பி, யாராவது டீயைக் கொட்டிட்டாங்களா என்று கேட்டார். நியாயமாகப் பார்த்தால் அவரே, நீங்க போங்க தம்பி, எனக்கு எதுக்கு என்று சொல்வார் என நினைத்தேன். அவர் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடம், பதினோரு வருஷமாக ஸ்டீமும் கெமிக்கலும் மட்டும்தான் மோந்துக்கிட்டிருக்கேன், ஒரு எட்டு நாள் மலைக்காத்து வாங்கினா என்ன என்று கேட்டார். அண்ணன், போய்ட்டு வாயேன் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

அக்கா வழி சொன்னார். ஆறு ஒயின். அதில் இரண்டு மட்டும் நெப்பியோலோ. யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர் வரட்டும். இருவரும் கண்டுபிடித்தால் சீட்டுக் குலுக்கலாம். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேனே. அப்போதுதான் அவர் அடுத்ததையும் சொன்னார். கோப்பைகள் கறுப்புக் கண்ணாடியில் இருக்கும். உள்ளே இருப்பது சிவப்பா வெள்ளையா என்றுகூடத் தெரியாது.

"உன் கண்ணு நல்ல கண்ணுதான்பா. ஆனா பீப்பா ரூம்ல வெளிச்சம் இருக்காது. எனக்கு அங்க வாய்தான் வேணும்."

பரீட்சை நாளில் ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விட்டேன். தூக்கம் வரவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. அக்கா காலையிலேயே ஆறு பாட்டில்களையும் திறந்து வைத்திருந்தார், காற்று பட்டால்தான் இந்த ஒயின் இறங்கிவரும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பழைய கம்பளிக் காலுறை மாட்டி, கழுத்தில் நூலால் எண் கட்டியிருந்தது. எங்கள் கூட்டத்தில் பாட்டிலை மறைக்கக் காலுறைதான். மெக்கானிக் வீட்டிலிருந்து வருபவை, துவைத்தவை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அக்காவுக்கு முட்டி வலி அதிகம். பாட்டில்களை ஜன்னல் பலகையிலிருந்து மேசைக்குக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

சத்தியமாக நான் தேடவில்லை. இரண்டாம் எண்ணைத் தூக்கும்போது கட்டைவிரல் தோளில் பட்டது. காலுறைக்கு அடியில் கண்ணாடி வழவழப்பாக இல்லை. எழுத்துகள். கண்ணாடியிலேயே வார்த்த, புடைத்த எழுத்துகள்.

எங்களை மாதிரி ஆட்களுக்கு அது போதும். பரோலோ இருக்கிற மலைப் பக்கத்து ஒயின்காரர்கள் பலர் தங்களுக்கென்று ஒரு பாட்டில் வைத்திருக்கிறார்கள், தோளில் எழுத்துப் புடைத்தது. நான் அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே எத்தனையோ மாலை கழித்திருக்கிறேன். காலி பாட்டில் ஒன்று என் மேசையில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது. மூன்றாவதைத் தூக்கினேன், இப்போது விரல் தானாகத் தேடியது. வழவழப்பு. நான்கு, வழவழப்பு. ஐந்தில் மறுபடியும் எழுத்து. ஆறிலும் ஒன்றிலும் எழுத்து இல்லை.

இரண்டும் ஐந்தும். முடிந்தது. நான் ஏமாற்றவில்லை, பாட்டிலைத் தூக்கினேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். அண்ணி எனக்கு நேர் எதிரே. டாக்டரும் மெக்கானிக்கும் வேடிக்கைக்காகத் தாங்களும் எழுதுவதாகச் சொன்னார்கள். அக்கா ஆளுக்கு ஆறு கறுப்புக் கோப்பைகளில் ஊற்றினார். எங்கள் பழக்கம் ஒன்று உண்டு. யாரும் வாய் திறக்கக் கூடாது. தாளில் எழுதி, மடித்து, மேசை நடுவில் வைத்த பிறகுதான் பேச்சு. மடித்த தாளைத் திரும்ப எடுக்கக் கூடாது.

முதல் கோப்பை மெல்லிசு, அது இல்லை. இரண்டாவதை எடுத்தேன். செர்ரி, நிறைய செர்ரி. புளிப்பு பளிச்சென்று நாக்கின் ஓரத்தில் ஓடியது. அப்புறம் ஈறைப் பிடிக்கும் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. என்னடா இது என்று இன்னொரு வாய். பிடியே இல்லை. சரி, இன்னும் மூடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இந்தத் திராட்சையோடு பழகியவர்களுக்கு இது ஒரு வசதி. எது ஒத்துவரவில்லையென்றாலும், இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

மூன்றாவதைக் குடித்தேன்.

தேயிலைத் தூளை மென்ற மாதிரி ஈறு முழுக்க ஒரு பிடி. அதற்குப் பின்னால் மெதுவாக, ரொம்ப மெதுவாக, காய்ந்த ரோஜா. ஈரக் கல். ஏதோ குளிர். விழுங்கிய பிறகும் போகாமல் நின்றுகொண்டே இருந்தது. எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. மூன்று வருஷம் உட்கார்ந்ததே இதற்குத்தான் என்று தோன்றியது. மனசு முழுக்க, இதுதான், இதுதான் என்றது.

கண்ணைத் திறந்தேன். எதிரே அண்ணி நான்காவது கோப்பைக்கும் மூன்றாவதுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. வீட்டில் சட்டையை முகர்கிற அதே முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் என் நாக்கின் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. என் வாய் ஏமாற்றலாம், அவர் மூக்கு ஏமாற்றாது. அவரோடு மூக்குக்கு மூக்கு நின்றால் தோற்பேன். விரல் சொன்னது பொய்யாகாது, கண்ணாடியில் எழுதியிருக்கிறதே. நான்காவதைக் குடித்தேன், முரட்டு ஆள். ஐந்தாவது சந்தேகமில்லாமல் பரோலோ மலை நெப்பியோலோ, தாரும் ரோஜாவும் கைகோத்து வந்தன. ஆறாவது என்ன என்று எனக்கு ஞாபகமே இல்லை.

தாளை எடுத்தேன். மூன்று என்று எழுதப் போன கையைத் திருப்பி, இரண்டும் ஐந்தும் என்று எழுதி மடித்தேன்.

அக்கா முதலில் விடையைச் சொன்னார். ஐந்து, பரோலோ. எனக்கு உள்ளே ஒரு குதி. இன்னொன்று மூன்று. பரோலோ பக்கம் இல்லை, இன்னும் வடக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஏணி வைத்து ஏறுகிற மாதிரி செங்குத்தான சரிவுகளில் விளைந்த நெப்பியோலோ. வேறு பகுதி என்பதால் வேறு பாட்டில், சாதாரண வழவழப்பான பாட்டில். அப்போ இரண்டு என்று கேட்டார் மெக்கானிக். அது பார்பேரா என்றார் அக்கா. பரோலோக்காரர்களே அதே மலையில் வளர்க்கிற வேறு திராட்சை. புளிப்பு நிறைய, துவர்ப்பு பேருக்குத்தான். அதே ஆட்கள், அதனால் அதே எழுத்துப் போட்ட பாட்டில். நிறம் மை மாதிரி கறுத்துக் கிடக்கும். வெள்ளைக் கண்ணாடிக் கோப்பையாக இருந்திருந்தால் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லியிருப்பேன்.

தாள்களைப் பிரித்தார். டாக்டர் ஒன்றும் ஐந்தும், எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் நாலும் ஐந்தும். அண்ணி மூன்றும் ஐந்தும். மெக்கானிக் மேசையைத் தட்டினார். கடைசியாக என் தாள். அக்கா பிரித்தார், படித்தார். படிக்க இரண்டு எண்களுக்கு மேல் ஒன்றுமில்லை, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சரி, ஜெயிச்சது யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே என்றார். யாரும் கேட்கவில்லை. வாய்விட்டுப் படித்திருந்தால்கூடத் தேவலை.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி பேசிக்கொண்டே வந்தார். சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை. நான் ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். திடீரென்று கேட்டார், நீங்க எதைத் தம்பி எழுதினீங்க என்று. இரண்டு என்றேன். அவர் திரும்பி உட்கார்ந்தார்.

"ரெண்டா? எதுக்கு? நான் மூணு எழுதினதே உங்களைப் பாத்துத்தான். எனக்கு மூணா நாலான்னு ஒரே குழப்பம். நீங்க மூணைக் குடிச்சிட்டுக் கண்ணை மூடுனீங்க பாருங்க, சரி, தம்பி மூஞ்சியே சொல்லுது, அதுதான்னு எழுதிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்ன மாதிரி சொன்னார். அவர் டிக்கெட்டில் போகப்போவது என் நாக்கு. அதை நானே தூக்கிக் குப்பையில் போட்டேன், அவர் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். இறங்கும் வரை இதையே மென்றுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அந்த விஷயத்தை நான் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்லிவிடலாம். அடுத்தவன் முகத்தைப் பார்த்து எழுதினார் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை. வேலையில் கவனம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இளம்பச்சை கேட்டார்கள், பாசி பிடித்த மாதிரி ஒன்றைக் கலந்து கொடுத்தேன், அவர்கள் பத்து டப்பாவையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வீட்டில் அண்ணன் பெட்டி வாங்கிவந்தான். அண்ணி என் நாற்பது வார்த்தைகளில் பத்தைச் சமையலறையில் நின்றபடி பழகிக்கொண்டிருந்தார். தப்பாக உச்சரித்தார். எனக்குத் திருத்த மனசு வரவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள் மதியம் கடைக்குப் போனேன். அக்கா பின்னறையில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அண்ணி மூன்று எழுதியது தன் மூக்கால் இல்லை, என் முகத்தைப் பார்த்து. சொல்லிவிட்டு, இப்போது என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கத்தியை மடக்கினார்.

"அப்படின்னா உனக்கு மூணுன்னு தெரிஞ்சிருக்கு."

நான் அதை யோசித்திருக்கவில்லை. ஒன்பது நாளாக யோசித்தும் அதை மட்டும் யோசிக்கவில்லை. அண்ணியை மாட்டிவிட வேண்டுமென்றால் நானும் மாட்டவேண்டும்.

"தெரிஞ்சும் ரெண்டு எழுதுறவன் யாரு? ரெண்டுல துவர்ப்பு கிடையாது. நாக்கு இருக்கிற யாரும் அதை எழுத மாட்டாங்க. கை எழுதினாத்தான் உண்டு. அந்த எழுத்தைத் தடவிட்ட, இல்ல?"

ஆமாம் என்றேன். கண் மேசையில் இருந்தது. அவர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். அண்ணி செய்தது பற்றி அவருக்கு ஒரு புகாரும் இல்லையாம். தானும் அங்கே போனால் அப்படித்தான் என்றார். பீப்பாயிலிருந்து எடுத்துத் தரும்போது ஒயினைக் குடித்துக்கொண்டே, தோட்டக்காரர் முகத்தையும் அவர் வீட்டம்மா முகத்தையும் பார்ப்பாராம், அவர்களே எந்தப் பீப்பாயை நம்பவில்லை என்று தெரிந்துபோகுமாம். வாயும் வேண்டும், எதிரே இருக்கிறவரைப் பார்க்கிற கண்ணும் வேண்டும். அண்ணிக்கு இரண்டும் இருக்கிறது. எனக்கு வாய் இருக்கிறது, ஆனால் அதை நான் நம்புகிறதில்லை. அப்புறம் ஒரு பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை பாட்டிலை டாக்டர் தூக்கட்டும் என்றார். போகச் சொல்கிறார் என்று புரிந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அண்ணி கட்டிலில் பெட்டியைத் திறந்து போட்டு ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் டூட்டியில். நான் வாசலிலேயே நின்று, அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். மூன்றாம் எண் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கையில் இருந்த ஸ்வெட்டர் அப்படியே நின்றது.

"என்னை மாட்டிவிடத்தானே போனீங்க?"

"ஆமா அண்ணி."

அவர் ஸ்வெட்டரை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். நான் பாட்டில் எழுத்தைத் தடவியதையும் சொன்னேன். அக்கா அவரைத்தான் கூட்டிப்போகிறார், அதில் மாற்றமில்லை என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கடைசியாக, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததும் வந்துவிட்டது.

"எனக்குப் பொறாமையா இருக்கு அண்ணி. தாங்க முடியல."

"தெரியும். ஆறு மாசமா வீடு பூரா அந்த வாசனைதான். வெங்காயம் கருக்குனீங்க, சென்ட் அடிச்சீங்க, எதுலயும் அது போகல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நான் திரும்பி வந்ததும் ஞாயித்துக்கிழமை எனக்கு எதிர்ல உக்காராதீங்க, பக்கத்துல உக்காருங்க என்றார். உங்க மூஞ்சியைப் பாக்காம நானா ஒண்ணு கண்டுபிடிக்கணும், இல்லன்னா எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கும் என்றார். அப்புறம், கோபம் போகாத அதே குரலில், அந்தப் பெட்டி மூட மாட்டேங்குது, சும்மா நிக்காம வந்து பிடிங்க என்றார்.

போய் முட்டியை வைத்து மூடியின் மேல் ஏறி அமுக்கினேன். அவர் ஜிப்பை இழுத்தார். பாதியில் ஒரு ஸ்வெட்டர் கை மாட்டிக்கொண்டது, விரலால் உள்ளே தள்ளினேன். வயிறு எரிந்தது. எட்டு நாளும் எரியும் என்று தெரிந்தது. ஜிப் கடைசி மூலைக்குப் போகும் வரை காலை எடுக்கவில்லை.